ஆடாதோடை இருமலை நிறுத்துமா?

ஆடாதோடைக் கஷாயத்தை இரண்டு வேளை குடித்துவிட்டு, "இருமல் கூடியதுதான் மிச்சம்" என்று அலுத்துக்கொண்டு பாக்கியைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் கொட்டிவிடும் நேரத்தில்தான் மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும். நெஞ்சுக்குள் பசைபோல ஒட்டிக்கிடந்த சளி இளகி மேலே ஏறும்போது இருமல் வரத்தான் செய்யும். இருமாமல் அது வெளியே வர வேறு வழி இல்லை. ஆடாதோடை இருமலை அடக்கும் என்று எதிர்பார்த்துக் குடிப்பதில்தான் முதல் பிழை இருக்கிறது. அது சளியை இளக்கும் மூலிகை. இதைப் பிடித்துக்கொண்டால், எந்த இருமலுக்கு அதைக் குடிக்கலாம், எப்படிக் காய்ச்சலாம், யார் அதைத் தொடக் கூடாது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். ஆளுயரத்துக்கு வளரும் புதர்ச்செடி. இலைகள் எதிரெதிராக, ஈட்டி வடிவத்தில், பத்து முதல் இருபது சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மாவிலை என்றே தோன்றும். கையில் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: மாவிலையின் விறைப்பு இதில் இல்லை, மெத்தென்று இருக்கும், கசக்கினால் ஒரு தனி வாடை வரும். கிளை நுனியில் கதிர் கதிராக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு பூவும் வாய் பிளந்த மாதிரி இரண்டு உதடுகளுடன் இருக்கும். கீழ் உதட்டில் ஊதா நிறக் கோடுகள் ஓடும். பூ இருக்கும்போது பார்த்தால் வேறு செடியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. பூ இல்லாத காலத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது. நிலவேம்பு, நீர்முள்ளி, கூந்தலில் சூடும் கனகாம்பரம் எல்லாம் இதன் ஒன்றுவிட்ட உறவுகள். தாவரவியலில் எல்லாமே அகாந்தேசி குடும்பம். சிற்றாடாதோடை என்று இன்னொரு வகையும் உண்டு. கேரள வைத்தியர்களுக்கு அந்தச் சிறிய இலைச் செடியின் மேல் தனிப் பிரியம்.

பெயரை 'ஆடு தொடா இலை' என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். ஆடு கடிக்காத அளவுக்குக் கசப்பு என்பது அதன் பொருள். நன்றாகப் பசித்த ஆட்டிடம் இந்தச் சொல்லாராய்ச்சி செல்லுபடியாகுமா என்பது வேறு விஷயம். ஆனால் வேலிக்கு இதை நட்டு வைத்தவர்கள் அந்த நம்பிக்கையில்தான் நட்டார்கள். மலையாளத்தில் ஆடலோடகம், வடமொழியில் வாசா, இந்தியில் அடூசா. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு 'ஜஸ்டிசியா அடாதோடா' என்று பெயர் வைத்தபோது, தென்னாட்டு வாய்ப்பேச்சுப் பெயர் உலகத் தாவரவியலுக்குள் அப்படியே குடியேறிவிட்டது. மருந்துப் புட்டிகளில் இன்றும் காணப்படும் 'அடாதோடா வாசிகா' என்ற பெயரில் தெற்கும் வடக்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலேயர்கள் மட்டும் இதை 'மலபார் நட்' என்றார்கள். கொட்டை என்று சொல்லத்தக்க எதுவும் இந்தச் செடியில் இல்லை. நான்கு விதை கொண்ட சிறிய வெடிகாய்தான் காய்க்கும்.

கசப்பின் உள்ளே

சித்த மருத்துவம் இந்த இலைக்குக் கைப்புச் சுவை, வெப்பத் தன்மை என்று குணம் எழுதியிருக்கிறது. ஐயத்தை, அதாவது கபத்தை அறுக்கும் சரக்காக அதை வகைப்படுத்துகிறது. 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்ற பழமொழியை எல்லோரும் கேட்டிருப்போம். அதைக் குரல் இனிமைக்கான மருந்துக் குறிப்பாக எடுத்துக்கொண்டு தினமும் சாறு குடிக்கும் பாடகர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதன் பொருள் இன்னும் எளிமையாகத் தோன்றுகிறது. தொண்டையிலும் மார்பிலும் கட்டிய கோழை விலகினால் அடைத்த குரல் திறக்கும், அவ்வளவுதான். சளி இல்லாத தொண்டைக்கு அந்தக் கசப்பால் ஆகப்போவது எதுவும் இல்லை.

கசப்புக்குக் காரணமான பொருளைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் டேவிட் ஹூப்பர். சென்னை மாகாண அரசின் வேதியியலாளராக உதகமண்டலத்தில் இருந்தவர். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவை எடுக்கும் சிங்கோனா மரப்பட்டையைச் சோதிப்பதுதான் அவருடைய உத்தியோகம். அவர் 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஓர் ஆல்கலாய்டை, அதாவது செடிகளில் உண்டாகும் வீரியமுள்ள வேதிப்பொருள் வகை ஒன்றைப் பிரித்தார். வாசா என்ற வடமொழிப் பெயரை ஒட்டி அதற்கு வாசிசின் என்று பெயர் ஏற்பட்டது. இது காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறும்போது வாசிசினோன் என்ற இன்னொரு பொருளாக மாறும். இந்த வாசிசினோன் மூச்சுக்குழாயை விரிக்கும் தன்மை கொண்டது என்று 1959இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கதை இங்கே நின்றிருந்தால் ஆடாதோடையும் ஆய்வகத்தில் பாராட்டு வாங்கிவிட்டு மறக்கப்பட்ட நூற்றுக்கணக்கான மூலிகைகளில் ஒன்றாகியிருக்கும். நடந்தது வேறு. வாசிசினின் மூலக்கூறு அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஒரு செயற்கை மருந்தை உருவாக்கினார்கள். அதுதான் 1960களில் புழக்கத்துக்கு வந்த புரோம்ஹெக்சின். புரோம்ஹெக்சின் உடலுக்குள் போனபின் மாறும் வடிவங்களில் ஒன்றைத் தனியே எடுத்து மருந்தாக்கியபோது அம்ப்ராக்சால் கிடைத்தது. சளி இருமலுக்கு மருத்துவர் எழுதித் தரும் சிரப்பின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வேலியோரத்துச் செடிக்கும் மருந்துக்கடைப் புட்டிக்கும் இவ்வளவு நேரடியான உறவு மிகச் சில மூலிகைகளுக்கே வாய்த்திருக்கிறது.

ஆனால் இந்த உறவை வைத்து, இலையும் மாத்திரையும் ஒன்றே என்று சொல்லிவிடக் கூடாது. மாத்திரையில் எட்டு மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் எட்டு மில்லிகிராம் இருக்கும். இலையில் இருக்கும் வாசிசினின் அளவு செடியின் வயது, பருவம், மண், பறித்தபின் காயவைத்த விதம் எல்லாவற்றுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அதே செடியில் போன மாதம் பறித்த ஐந்து இலையும் இந்த மாதம் பறிக்கும் ஐந்து இலையும் ஒரே மருந்து அல்ல. வீட்டு மருத்துவத்தில் அளவைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

சளி எப்படி இளகுகிறது? மூச்சுக்குழாயின் உட்சுவரில் எப்போதும் மெல்லிய கோழைப் படலம் ஒன்று இருக்கும். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலேயே அதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். தொற்று வந்தால் கோழை அதிகமாகச் சுரக்கும், கெட்டிப்படும், நுண்மயிர்களால் தள்ள முடியாமல் தேங்கும். புரோம்ஹெக்சின் வகை மருந்துகள் கோழைக்குக் கெட்டித்தன்மை தரும் இழைகளைத் துண்டாக்கி, நீர்த்த சுரப்பைக் கூட்டுகின்றன. அதனால்தான் ஆடாதோடை குடிக்கும் நாட்களில் வெந்நீரும் நிறையக் குடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உடலில் நீர் வற்றியிருந்தால் எந்த மருந்தாலும் கோழையை நீர்க்கச் செய்வது கடினம்.

எந்த இருமலுக்கு

காய்ச்சல், ஜலதோஷம் எல்லாம் அடங்கிய பிறகு, மார்பில் 'கர் கர்' என்று சளி நிற்கிறது, இருமினால் கொஞ்சம் வருகிறது, முழுவதும் வர மறுக்கிறது என்ற நிலைதான் ஆடாதோடைக்கு உகந்தது. மூச்சுக்குழாய் அழற்சியின் பின்பகுதி என்று மருத்துவர்கள் சொல்லும் கட்டம் இது.

சளியே இல்லாமல் தொண்டை அரிப்பால் வரும் வறட்டு இருமலுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே இளக்குவதற்கு ஒன்றும் இல்லை. தேன், அதிமதுரம், வெதுவெதுப்பான நீர் இவையே அதற்குப் போதும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் சிலர் குடிக்கும் மாத்திரையின் பக்கவிளைவாகவே வறட்டு இருமலால் அவதிப்படுவார்கள். வயிற்று அமிலம் மேலேறி வருவதாலும் இருமல் உண்டாகும். இவற்றுக்கு எத்தனை படி கஷாயம் குடித்தாலும் பயன் இல்லை. வயிறு எரிவதுதான் கண்ட பலன்.

இன்னொரு முரண்பாடு அடிக்கடி கண்ணில் படுகிறது. காலையில் ஆடாதோடைக் கஷாயம், இரவில் தூக்கம் வருவதற்கு இருமலை அடக்கும் சிரப். ஒன்று சளியை இளக்கி வெளியே அனுப்பப் பார்க்கிறது, மற்றொன்று வெளியேறும் வாசலை மூடுகிறது. இளகிய சளி உள்ளேயே தேங்கி நிற்கும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் என்று புட்டியில் எழுதியிருந்தால் அது அடக்கும் வகை, இரண்டையும் சேர்க்காதீர்கள். அதேபோல மருத்துவர் ஏற்கனவே அம்ப்ராக்சால் எழுதித் தந்திருந்தால், அதே குலத்தைச் சேர்ந்த இலையை மேலே சேர்ப்பதில் பயன் குறைவு, வயிற்றுக் கோளாறு அதிகம்.

ஆஸ்துமாவுக்கு இந்த இலைக்கு நல்ல பெயர் உண்டு. மூச்சுக்குழாயை விரிக்கும் குணம் இருப்பதால் அந்தப் பெயர் ஆதாரமற்றது அல்ல. உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைக்கும் வழக்கமும் ஒருகாலத்தில் இருந்தது. சுருங்கிய மூச்சுக்குழாய்க்குள் புகையைச் செலுத்துவதைவிட அறிவற்ற சிகிச்சை வேறு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. மூச்சுத் திணறல் வந்துவிட்ட நேரத்தில் இலையைத் தேடிக்கொண்டிருக்காமல் இன்ஹேலரை எடுக்க வேண்டும்.

அடுப்படியில்

முற்றிய இலையாகப் பறியுங்கள். கொழுந்து பார்க்க அழகாக இருக்கும், பிழிந்தால் நீர்தான் அதிகம். அடிப்பகுதியில் பழுக்கத் தொடங்கிய மஞ்சள் இலையும் வேண்டாம். நடுக்கிளையில் கரும்பச்சையாக இருப்பவையே சரி. சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடித்த வயல் வேலியிலும் பறிக்காதீர்கள். இலையின் அடிப்புறத்தில் தூசி படிந்திருக்கும். இரண்டு தண்ணீரில் கழுவி, நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டால் அரைப்பதற்கும் பிழிவதற்கும் வசதி.

கஷாயம் மிக எளிது. ஒரு பெரியவருக்கு ஒரு வேளைக்கு நடுத்தர அளவில் இரண்டு மூன்று இலைகள் போதும். அவற்றைக் கிள்ளிப் போட்டு, இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் அரைத் தம்ளராக வற்றும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டு அவசரமாக இறக்கினால் நிறம் மட்டும் இறங்கியிருக்கும், சாரம் இறங்கியிருக்காது. மண்பாண்டமோ எஃகுப் பாத்திரமோ நல்லது, அலுமினியம் வேண்டாம். நான்கைந்து மிளகைத் தட்டிப் போடுவது, ஒரு சிறு துண்டு சுக்கு சேர்ப்பது, இரண்டு திப்பிலியை வறுத்துப் பொடித்துத் தூவுவது எல்லாம் அவரவர் வீட்டுப் பழக்கம். திப்பிலி, மிளகு இரண்டும் கபத்துக்கு ஏற்ற துணைச் சரக்குகள் என்பதில் சித்த வைத்தியர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதிமதுரம் சேர்த்தால் கசப்பு மட்டுப்படும். ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை நாள்கணக்கில் குடிக்கக் கூடாது. அது அழுத்தத்தை ஏற்றி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, உணவுக்குப் பின். வெறும் வயிற்றில் குடித்தால்தான் மூலிகை வேலை செய்யும் என்று சொல்வதை ஆடாதோடை விஷயத்தில் நான் ஏற்கமாட்டேன். இந்த இலை அளவு மீறினால் குமட்டலையும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். வெறும் வயிறு அதைச் சீக்கிரம் வரவழைக்கும்.

சாறு எடுப்பதுதான் பலரைத் தோற்கடிக்கும் வேலை. பச்சை இலையை எவ்வளவு அரைத்துப் பிழிந்தாலும் கொழகொழவென்று விழுது வருமே தவிரச் சாறு வராது. இதற்கு ஆயுர்வேத நூல்கள் புடபாகம் என்று ஒரு வழி சொல்கின்றன: இலையை அரைத்து உருண்டையாக்கி, வேறு இலையால் சுற்றி, மேலே மண் பூசித் தணலில் இட்டு, வெந்தபின் எடுத்துப் பிழிவது. மண்ணும் தணலும் இல்லாத வீட்டில் இட்லிப் பானை போதும். கழுவிய இலைகளைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் துவண்டுவிடும். சூடு ஆறியதும் இடித்து மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். வெந்ததால் இலையின் செல்சுவர் தளர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். பத்துப் பன்னிரண்டு இலைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி கிடைத்தாலே அதிகம். பெரியவர்கள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி முதல் இரண்டு தேக்கரண்டி வரை, அதே அளவு தேன் கலந்து குடிக்கலாம். சாற்றை எடுத்து வைத்து மறுநாள் குடிக்காதீர்கள். அன்றன்றைக்கு எடுத்ததுதான் சாறு.

தேன் வெறும் இனிப்புக்காக அல்ல. அது தொண்டையில் படலமாகப் படிந்து அரிப்பைத் தணிக்கும். குழந்தைகளின் இரவு இருமலைத் தேன் ஓரளவு குறைக்கிறது என்பது நவீன மருத்துவமும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும் அபாயம் உண்டு.

மணப்பாகுதான், அதாவது வடிநீரை இனிப்போடு பாகாகக் காய்ச்சிய மருந்துதான், இந்த மூலிகையின் உச்சம் என்பேன். வருடம் முழுவதும் இலை கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கு அதுவே கைகொடுக்கும். சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு பழைய, பெயர்பெற்ற மருந்து. தமிழ்நாட்டில் அரசு சித்த மருத்துவப் பிரிவுகளுக்கு மருந்து செய்து தருவதற்காக 1983இல் தொடங்கப்பட்ட டாம்ப்கால் நிறுவனமும் அதைத் தயாரிக்கிறது. வீட்டில் செய்வதானால், ஒரு கைப்பிடி இலையை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுக் கால் லிட்டராகக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கால் லிட்டர் வடிநீருக்கு அரைக் கிலோ பனங்கற்கண்டு. கரைந்ததும் இன்னொரு முறை துணியில் வடிகட்ட வேண்டும். பனங்கற்கண்டில் தூசியும் தும்பும் இல்லாமல் இருந்தால் அது அதிசயம். பிறகு சிறு தீயில் சற்று நேரம் கிளறி, விரல்களுக்கு இடையே தொட்டு இழுத்தால் கம்பி விழத் தொடங்கும் பதத்தில் இறக்கிவிட வேண்டும்.

இவ்வளவு இனிப்பா என்று தயங்கிச் சர்க்கரையைக் குறைப்பவர்கள் ஒரு வாரத்தில் மேலே பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். இங்கே இனிப்புக்குச் சுவையைத் தாண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும் பாகில் கிருமிகள் வளரத் தேவையான நீர் கிடைக்காது. மருந்தகங்களில் எளிய பாகு செய்யும்போதும் இதே கணக்குத்தான். வடிநீரும் கற்கண்டும் சம அளவு எடுத்தாலும், கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சினால் நீர் வற்றி அதே இடத்துக்கு வந்து சேரும், நேரம்தான் கூடுதல். நாள் போகப் போகப் பாகு கற்கண்டாக உறைந்துவிடாமல் இருக்கக் காய்ச்சும்போதே சில துளி எலுமிச்சைச் சாறு விடலாம். தேன் சேர்ப்பதானால் பாகு முழுவதும் ஆறிய பின்தான். ஈரம் இல்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, எடுக்கும் கரண்டியும் காய்ந்ததாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் கவலையின்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியை வெந்நீரில் கலந்து குடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மணப்பாகின் பக்கமே போகாமல் கஷாயத்தோடு நிற்பது உத்தமம். பனங்கற்கண்டு சர்க்கரை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இலையை நிழலில் காயவைத்துப் பொடித்தும் வைக்கலாம். சரியாகக் காய்ந்த ஆடாதோடை தேயிலை வாசம் அடிக்கும். வெயிலில் போட்டுக் கருக்கிய பொடியில் அந்த வாசம் இருக்காது.

ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். அதற்குள் சளி வெளியேறி மார்பு இலேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் இலை போதாத நோய் என்று பொருள். அளவைக் கூட்டுவதற்கான அறிகுறியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

யார் தொடக் கூடாது

கர்ப்பிணிகள். இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. வாசிசின் மூச்சுக்குழாயில் மட்டும் வேலை செய்வதில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஜம்முவில் இருந்த மண்டல ஆய்வுக்கூடத்தில் 1970களிலும் 80களிலும் இந்தப் பண்பை விரிவாக ஆராய்ந்தார்கள். பிரசவத்தைத் தூண்டவும் கருவைக் கலைக்கவும் பயன்படக்கூடிய பொருள் என்றே வாசிசினை அவர்கள் விவரித்தார்கள். நாட்டுப்புறத்தில் பிரசவ நேரத்தில் இந்தச் செடியைப் பயன்படுத்தும் வழக்கம் சில பகுதிகளில் இருந்ததற்கும் இதுவே காரணம். "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சளியை இளக்கும் அளவுக்கு வீரியம் இருக்கிறது என்று நம்பினால், கருப்பையைச் சுருக்கும் அளவுக்கும் வீரியம் இருக்கிறது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். கருத்தரிக்க முயல்கிறவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது.

அடுத்தது குழந்தைகள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக அவை வேண்டாம் என்றும் இந்தியச் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. அது கடைச் சிரப்புகளை மனதில் வைத்துச் சொன்னது. வீட்டுக் கஷாயத்துக்கும் அதே அளவுகோலை வைப்பதில் தவறு இல்லை என்பது என் எண்ணம். சிறு குழந்தைக்கு இளகிய சளியை இருமித் துப்பத் தெரியாது. விழுங்கும், அல்லது வாந்தியெடுக்கும். மூச்சு வேகமாக இழுக்கிறது, விலா உள்வாங்குகிறது, பால் குடிக்க மறுக்கிறது என்றால் அம்மியைத் தேடக் கூடாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். புரோம்ஹெக்சினுக்கும் அம்ப்ராக்சாலுக்கும் மிக அரிதாகத் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015இல் எச்சரித்தது. இந்த மருந்துகளால் தடிப்பு வந்த அனுபவம் உள்ளவர்கள் இலையையும் தவிர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஆயுர்வேதத்தில் பெயர்பெற்ற ஒரு சுலோகம் உண்டு. வாசா என்ற செடி இருக்கும்போது, வாழும் ஆசையும் இருக்கும்போது, இரத்தபித்தமும் க்ஷயமும் காசமும் உள்ளவன் ஏன் வருந்த வேண்டும் என்று அது கேட்கிறது. இரத்தம் கசிவது, உடல் உருகுவது, இருமுவது மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால் இன்றைய கண்ணுக்குத் தெரிவது காசநோய். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவிப்பதற்கும், அதைக் கொல்லும் மருந்துகள் வருவதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, இருந்த மூலிகைகளில் நல்லதைச் சுட்டிக்காட்டிய ஒரு வைத்தியரின் ஆறுதல் வார்த்தை அது. அன்றைக்கு அதைவிட நல்ல வார்த்தை சொல்லவும் முடிந்திருக்காது. புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக்குழாயில் தடுப்பதாக 1996இல் ஓர் ஆய்வும் வெளிவந்தது. இவை இரண்டையும் இணைத்து, 'ஆடாதோடை காசநோயைக் குணமாக்கும்' என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

சோதனைக்குழாய் நுரையீரல் அல்ல. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனைதான் முதல் மருந்து. ஆடாதோடை இங்கே செய்யக்கூடிய தீங்கு நுட்பமானது. அது சளியை இளக்கி, மார்பை இலேசாக்கி, நோயாளிக்குச் சற்றுத் தேறிவிட்ட உணர்வைத் தந்துவிடும். கிருமி உள்ளே இருக்கும். அந்த ஒன்றிரண்டு மாதத் தாமதத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கும் அது பரவியிருக்கும்.

கூட்டு மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சிய கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. சுக்கு, திப்பிலி, கிராம்பு, நிலவேம்பு, சீந்தில், கற்பூரவல்லி எல்லாம் அதன் கூட்டாளிகள். நிலவேம்புக் குடிநீரிலும் இது இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஒன்பது சரக்கு, அதில் ஆடாதோடை இல்லை. கபசுரம் குடிக்கும் நாளில் தனியாக ஆடாதோடைக் கஷாயமும் குடிப்பது இரட்டைக் கணக்காகிவிடும்.

மூட்டு வீக்கத்துக்கு இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கும் பழக்கமும் உண்டு. சூட்டின் இதம் அதில் பெரும்பங்கு. பழங்களை இந்த இலையில் பொதிந்து வைத்தால் பூச்சி அண்டாது என்பதும் பழைய கைமுறை. உழவர்கள் வேப்பிலை, நொச்சி, எருக்கு ஆகியவற்றோடு ஆடாதோடையையும் இடித்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டியாகத் தெளிக்கிறார்கள். ஆடு ஒதுக்கும் கசப்பைப் புழுவும் ஒதுக்கும் என்ற கணக்கு.

வளர்ப்பதற்கு இதைவிடச் சோம்பேறிக்கு ஏற்ற செடி இருக்குமா என்பது சந்தேகம். விதை வேண்டாம். முற்றிய தண்டில் மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றினால் போதும். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியிலும் வரும், ஆனால் பெரிய தொட்டியாக வேண்டும். முதல் ஆண்டு இலையில் கை வைக்காமல் விட்டு, அதன்பின் உயரமாகப் போகும் நுனிகளை வெட்டிக்கொண்டே வந்தால் புதராக அடர்ந்து பக்கக் கிளைகள் விடும். பறிக்கும்போது ஒரே கிளையை மொட்டையடிக்காமல், கிளைக்கு இரண்டு இலை என்று பரவலாகப் பறித்தால் செடி வருடக்கணக்கில் ஓயாமல் தழைக்கும்.